அம்மாவின் நாற்பது யூரோ

தம்பி,

இந்தக் கடிதத்தை நீ ஒரே மூச்சில் வாசித்து முடிக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். ஒன்பது வருடம் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு உன்னை இழுத்துக்கொண்டு போனேன். இருந்தும் ஒரு பக்கம் தமிழ் வாசிப்பதற்குள் உன் தேத்தண்ணீர் ஆறிப்போய்விடும். பரவாயில்லை. நீ ஜெர்மனில் எழுதிய ஒன்றரைப் பக்கத்தை வாசிக்க எனக்கும் ஒன்பது நாள் பிடித்தது, அதைப் பிறகு சொல்கிறேன். கார்ஹிங்கிலிருந்து மியூனிக் நகரத்துக்குப் போகும் ரயிலில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக வாசி. விளங்காத சொல் வந்தால் எனக்குப் போனில் கோல் எடு. இத்தனை காலமும் நான் உன்னைக் கேட்டேன், இனி நீ என்னைக் கேட்டால் குறைந்து போகமாட்டாய்.

இன்னும் ஐந்து கிழமையில் உனக்குக் கலியாணம். அந்த அமளிக்குள் போன கிழமை நீ எனக்கு ஒரு படிவம் அனுப்பியிருந்தாய், மேலே ஒரு சின்ன மஞ்சள் தாள் ஒட்டி. "அம்மா, ஒரு வருசம் முடிஞ்சுது. தடையை எடுக்க விரும்பினால் இதுதான் ஆன்ட்ராக் படிவம். நீங்கள் சொல்லுறபடி நிரப்பித் தாறன்." இரண்டு எழுத்துப்பிழை. ஆனாலும் தமிழில் எழுதியிருந்தாய் என்பதால் அந்த மஞ்சள் தாளைக் குளிர்பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறேன். இந்த நாட்டில் எந்த இணையக் கசினோவுக்குள்ளும் நுழைய முடியாதபடி ஒரு தடைப் பட்டியலில் என் பெயர் இருக்கிறது. அதில் என் பெயரைப் போடச் சொல்லி எழுதிக் கொடுத்தவன் நீ, என் வயிற்றில் பிறந்த ஒரே பிள்ளை. அந்தத் தடையை இப்போது எடுப்பதா விடுவதா என்ற உன் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கடிதம். பதிலை முதலிலேயே சொன்னால் மிச்சத்தை நீ வாசிக்க மாட்டாய், ஆகவே கடைசியில் சொல்கிறேன். இதன் நகல் ஒன்று இங்கே கொலோனில் எங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கும் போகிறது, பெயர் இல்லாமல். இந்த நகரத்து ட்ராம்களில் தலையைக் குனிந்துகொண்டு போனைத் தட்டுகிற எங்கள் பெண்கள் சிலரை நான் பார்க்கிறேன். எனக்கு அந்தக் குனிவு நன்றாகத் தெரியும்.

நீ கார்ஹிங்குக்கு வேலைக்குப் போன வருடம்தான் அது தொடங்கியது. நான் சமைக்கிற முதியோர் இல்லத்துக் குசினிக்கு ட்ராமில் போக எனக்கு முப்பத்தைந்து நிமிடம், வர முப்பத்தைந்து நிமிடம். அப்பா இரவு முழுக்கப் பார்சல் கிடங்கில் நின்றுவிட்டுப் பகலில் படுப்பார். வீட்டில் சத்தமாக ஒரு கோப்பையைக்கூட வைக்க முடியாது. ட்ராமில் ஒருநாள் போனில் ஒரு விளம்பரம் வந்தது, மீன்கள் சுற்றுகிற விளையாட்டு. நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு குதிக்கவில்லை. மாதம் நாற்பது யூரோ என்று அளவு வைத்தேன். ஏன் நாற்பது? தமிழ்க் கடையில் ஒரு வெள்ளிக்கிழமை மீன் வாங்காமல் விட்டால் மிச்சப்படுகிற காசு அது. ஆருடைய சோற்றிலும் நான் கை வைக்கவில்லை, என் மீனில்தான் வைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் செயலியே மாத எல்லை என்ன என்று கேட்டது, நாற்பது என்று நானே போட்டேன். ஒரு சுற்றுக்கு ஒரு யூரோவுக்கு மேல் வைக்க விடாது. ஒரு மணித்தியாலம் விளையாடினால் ஐந்து நிமிடம் தானாகவே நின்றுவிடும். லீவு நாட்களில் அந்த ஐந்து நிமிடத்தில் நான் அரிசி களைந்து அடுப்பில் வைப்பேன். சட்டமே பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது, நான் எப்படிக் கெட்டுப்போவேன் என்று எனக்கு ஒரு துணிவு.

அந்த நாற்பது எப்படிப் பெருத்தது என்பதை இதுவரை உனக்கு முழுதாகச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். முதலில், வென்ற காசு கணக்கில் வராது என்று முடிவெடுத்தேன். அது கசினோவின் காசுதானே, அதைத் திரும்பப் போட்டு விளையாடினால் என் நாற்பதுக்கு ஒன்றும் ஆகாது என்று. அடுத்தது தவக்காலம். நீ சின்ன வயதில் சொக்லேட்டை விடுவாய், அப்பா பியரை விடுவார், அந்த முறை நான் ரகசியமாக விளையாட்டை விட்டேன். நாற்பது நாளும் ஒரு சுற்றுக்கூட விளையாடவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. விட நினைத்தால் விடுவேன், நான் அடிமை இல்லை என்று மாதாவுக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தி நன்றி சொன்னேன். ஆனால் விளையாடாத நாட்களின் காசை நான் தலைக்குள் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தேன். அது எனக்கு வர வேண்டியது என்று நினைப்பு. எல்லையைக் கூட்டச் சொல்லிக் கேட்டால் ஏழு நாள் கழித்துத்தான் கூட்டுவார்கள். ஆகவே குருத்தோலை ஞாயிறன்று, கோயிலில் இருந்து வந்து, ஓலையைச் சிலுவைக்குப் பின்னால் செருகிவிட்டு, எல்லையை நூற்றைம்பதுக்குக் கூட்டக் கேட்டேன். உயிர்த்த ஞாயிறன்று அது கூடிவிடும் என்று நாள் எண்ணிப் பார்த்துத்தான் கேட்டேன். அந்தப் பெரிய கிழமை முழுக்க நான் எதற்காகக் காத்திருந்தேன் என்று நினைக்க இப்போதும் முகம் சுடுகிறது. திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் நூற்றைம்பதும் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு எல்லை என்பது நான் கூட்டுகிற ஒன்றாகத்தான் இருந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு புது அளவு வைத்தேன், ஒவ்வொரு முறையும் நான் திட்டம் போட்டு நடக்கிறவள் என்றே நம்பினேன். கடைசியில் உன் கலியாணத்துக்கு என்று நானும் அப்பாவும் நீ பிறந்த நாளிலிருந்து சேர்த்த காசில் கை வைத்தேன். எடுத்ததைத் திருப்பி வைத்துவிடுவேன் என்று எடுத்தேன். அப்படி எடுக்கிற எல்லாரும் சொல்லுகிறதைத்தான் நானும் எனக்குச் சொன்னேன்.

இங்கே கொஞ்சம் பின்னுக்குப் போக வேண்டும். உனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது நடந்தது. வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. எங்கள் வதிவிட விண்ணப்பத்தில் ஒரு தாள் குறைகிறது, இரண்டு கிழமைக்குள் கொண்டுவராவிட்டால் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புவோம் என்று அதில் இருந்தது. வழக்கம்போல உன்னிடம்தான் வாசிக்கத் தந்தோம். நான் காய்ச்சலில் கிடந்தேன், அப்பா வேலை முடிந்து வந்து சப்பாத்துக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தார். நீ எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியாம், பொறுத்திருக்கட்டாம்" என்று சொன்னாய். அந்த இரண்டு கிழமையும் போய்விட்டது. திரும்ப முதலில் இருந்து தொடங்க வேண்டி வந்தது, இன்னும் ஒரு வருடம் முழுக்க, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, விசாவுக்கு வரிசையில் நின்றோம். உண்மை தெரிந்த அன்றைக்கு நான் உன்னை அடித்தேன். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் ஒரு குடும்பத்தின் விதியைக் கொடுத்து வாசி என்று சொன்னது எங்கள் பிழை, அடி வாங்கினது நீ. அதற்கு நான் இன்று வரை மன்னிப்புக் கேட்கவில்லை, இப்போது கேட்கிறேன். அடித்துவிட்டு நான் சொன்னதும் உனக்கு நினைவிருக்கும். "நல்லதோ கெட்டதோ, இருக்கிறதை இருக்கிற மாதிரி வாசி. ஒரு சொல்லும் மாத்தக்கூடாது." அதற்குப் பிறகு நீ மாற்றியதே இல்லை. வைத்தியர் சொன்னது, வீட்டுக்காரன் திட்டி எழுதினது, உன் வாத்தியார் உன்னைப் பற்றியே குறை சொல்லி அனுப்பினது, எல்லாவற்றையும் நீ அப்படியே வாசித்தாய். வாசித்த கடிதத்தை நகல் எடுத்து ஓர்ட்னர் கோப்பில் போட வேண்டும் என்ற என் மற்றச் சட்டத்தையும் நீ விடவில்லை. உன் கைப்பட அடுக்கிய பதினோரு கோப்புகள் இப்போதும் எங்கள் அலுமாரிக்கு மேல் இருக்கின்றன.

போன வருடம் பெந்தகோஸ்து லீவுக்கு எங்கள் வருமான வரிப் படிவம் நிரப்ப நீ வந்தாய். வங்கித் தாள்களை எல்லாம் கேட்டாய். இருபது வருடமாக உன்னிடம் கொடுத்துப் பழகின கை, யோசிக்காமல் அலுமாரியைத் திறந்து கட்டோடு எடுத்துத் தந்துவிட்டது. ஊர் உலகத்துக்கெல்லாம் மறைத்துத் திரிந்தவள் கடைசியில் தானே கொண்டுபோய்க் கொடுத்தேன். நீ ஒரு தாளை இரண்டு முறை திருப்பிப் பார்த்தாய். "அம்மா, உதென்ன?" என்று கேட்டாய். "போன் காசு" என்றேன். நீ தலையாட்டிவிட்டு வரியை நிரப்பி முடித்தாய். அடுத்த நாள் காலையில் என்னைத் தனியே கூப்பிட்டு, "அம்மா, நீங்களே ஒரு தடை போடலாம், நான் உதவி செய்யிறன்" என்றாய். என்ன தடை, ஆருக்குத் தடை என்று நான் உன்மேல் பாய்ந்தேன். நீ பிறகு ரயிலேறிப் போய்விட்டாய். ஒருமாதிரித் தப்பிவிட்டேன் என்று நினைத்தேன்.

ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை நீ வந்திருந்தாய். நான் குசினியில் விளைமீன் செதில் எடுத்துக்கொண்டிருந்தேன், அப்பா மேசையில் இருந்தார். தபாலில் வந்த கடிதங்களை வழக்கம்போல உனக்காக ஒரு பக்கத்தில் வைத்திருந்தேன். அதில் ஒரு தடித்த கடிதத்தை நீ உடைத்து வாசித்துவிட்டுத் திரும்பவும் முதலில் இருந்து வாசித்தாய். "அம்மா, கையைக் கழுவிப்போட்டு வந்து இருங்கோ" என்றாய். ஊரில் ஆரோ செத்துப்போய்விட்டார்கள் என்று பயந்து போனேன். நீ முதலில் ஜெர்மனில் ஒரு வசனம் வாசித்தாய், பிறகு அதைத் தமிழில் சொன்னாய், பிறகு அடுத்த வசனம். என்னை எல்லாக் கசினோக்களிலிருந்தும் தடை செய்யக் கேட்டுத் தடைப் பட்டியல் அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம் வந்திருக்கிறது. முடிவெடுப்பதற்கு முன் என் பக்கத்தையும் எழுதி அனுப்பலாம். "விண்ணப்பம் செய்தவர்: மகன்" என்று வாசித்தபோதும் நீ நிறுத்தவில்லை. எந்தக் கணக்கிலிருந்து எவ்வளவு போனது என்பதையும் வாசித்தாய், கலியாணக் காசு உட்பட. அந்தத் தாளை மடித்து உன் பையில் வைத்துக்கொண்டு "விளம்பரம் அம்மா" என்று சொல்லியிருந்தால் எனக்கு என்ன தெரிந்திருக்கும்? ஒன்பது வயதில் உனக்கு அது வரத்தான் செய்தது. இருபத்தெட்டு வயதில் நீ அதைச் செய்யவில்லை.

அப்பாவுக்கு அன்றைக்குத்தான் எல்லாம் தெரியவந்தது. அவர் என்னைப் பார்க்காமல் எழும்பிப் போய், நான் விட்ட இடத்திலிருந்து அந்த மீனைத் துப்புரவாக்கத் தொடங்கினார். எனக்கு வெட்கத்தில் கோபம் வந்தது, கோபம் வந்தால் எனக்கு வாய் நீளும் என்று உனக்குத் தெரியாததா? "எழுது" என்றேன் உன்னிடம். "என்ர மகன் சொல்லுறது பொய். நான் அளவாத்தான் விளையாடுறன். மாதம் நாப்பது யூரோ. அவனுக்கு என்ர காசில கண்." இதில் ஒரு வரியையாவது நீ மறுத்துப் பேசுவாய், அந்தச் சாட்டில் சண்டை பிடிக்கலாம் என்று பார்த்தேன். நீ மடிக்கணினியைத் திறந்து எழுதினாய். அச்செடுத்து வந்து எனக்கு முன்னால் வைத்து, தமிழில் வாசித்தும் காட்டினாய். "நீங்கள் சொன்ன மாதிரியே எழுதியிருக்கிறன் அம்மா. ஒரு சொல்லும் மாத்தேல்லை." என் பொய்யை உன் வாயால் கேட்டேன். ஆனாலும் கையெழுத்து வைத்தேன். அதை நான் இங்கே மறைக்கப்போவதில்லை. நீ முத்திரை ஒட்டி, மழைக்குள் நடந்து போய், உன்னைப் பொய்யன் என்று சொல்லுகிற கடிதத்தை நீயே தபாலில் போட்டுவிட்டு வந்தாய். நான் யன்னலால் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

அவர்கள் என் பேச்சை நம்பவில்லை, நீ நகலெடுத்து அனுப்பிய வங்கித் தாள்களை நம்பினார்கள். ஆவணியில் தடை விழுந்தது. நான் உன்னோடு பேசாமல் விட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீ எடுத்தால் போனை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு குசினிக்குள் போய்ப் பாத்திரம் கழுவுவேன், கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவுவேன். ட்ராமில் முப்பத்தைந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரிந்தது. விரல் சும்மா இருக்காது. முன்னே இருப்பவர்களின் குடைகளை எண்ணுவேன், விளம்பரப் பலகையை வாசிப்பேன். நன்மை என்று சொன்னால் ஒன்றுதான், விளையாட்டு மும்முரத்தில் இறங்குகிற தரிப்பிடத்தை விட்டுவிட்டுக் கடைசி வரைக்கும் போய்த் திரும்பி வருகிற வேலை நின்றுவிட்டது.

இனி எழுதப்போவது உனக்கும் தெரியாத ஒன்று. மார்கழி தொடங்கி முதல் கிழமை, அப்பாவின் பெயரில் ஒரு கணக்குத் திறக்க முயன்றேன். அவருடைய அடையாள அட்டையைக் கோப்புக்குள்ளிருந்து எடுத்தேன். பெயர், பிறந்த தேதி எல்லாம் போட்டேன். பிறகு அவருடைய முகத்தைப் போனில் காட்டச் சொன்னது. அவர் மத்தியானத் தூக்கத்தில் இருந்தார். நான் கட்டில் ஓரத்தில் குனிந்து, போனை அவருடைய முகத்துக்கு நேரே பிடித்தேன். கண்ணைத் திறந்து பார்க்கச் சொல்லி அது ஜெர்மனில் சத்தமாகச் சொல்லிவிட்டது. அப்பா கண்ணைத் திறந்து பார்த்தார், உண்மையாகவே. "என்னப்பா செய்யிறீர்?" என்றார். எனக்கு வாயில் வந்தது, "முகத்தில நுளம்பு கடிக்குது." அவர் யன்னலைப் பார்த்தார், வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. "மார்கழியில நுளம்பு. ம்" என்று சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தார். முப்பது வருடம் என்னோடு குடித்தனம் நடத்தின மனுசனின் நித்திரை முகத்தைத் திருடப் போனேன், தம்பி. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அடுத்த நாளிலிருந்து அவர் அந்த அட்டையைத் தன் பணப்பையில்தான் வைத்திருக்கிறார்.

அன்றைக்கு அந்த அட்டையை எடுத்த இடத்தில் வைக்கத்தான் கோப்பைத் திறந்தேன். அதன் கடைசியில் நீ எனக்கு எதிராக அனுப்பிய விண்ணப்பத்தின் நகல் இருந்தது. நான் உன்மேல் பாய்ந்த அன்றைக்கே, ரயிலேற முன்னம் அதை எழுதி அனுப்பி, நகலைக் கோப்பில் போட்டிருக்கிறாய், தேதி போட்டு, துளையிட்டு, ஒழுங்காக. ஆறு மாதமாக என் தலைக்கு மேல் இருந்திருக்கிறது. நான்தான் எந்தக் கோப்பையும் திறந்து வாசிக்கிறவள் இல்லையே. ஆரிடமாவது கொடுத்து வாசிக்கலாமா என்று யோசித்தேன், உன்னைப் பற்றின தாளை ஆரிடம் கொடுப்பது? அடுத்த நாள் அதைப் பையில் வைத்துக்கொண்டு ட்ராமில் ஏறினேன். போனில் அகராதியைத் திறந்து ஒவ்வொரு சொல்லாகத் தட்டினேன். ஒன்பது நாள், நவநாள் செபம் போல, போகும்போது பாதி வரும்போது பாதி.

நீ எழுதியிருந்ததை என் தமிழில் போடுகிறேன். "என் அம்மா பொய் பேசுகிறவர் அல்ல. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு மாத வாடகையையும் பிந்திக் கட்டாதவர். அவர் ஒவ்வொரு மாதமும் விளையாட்டுக்கு ஓர் அளவு வைக்கிறார். அந்த அளவு ஒவ்வொரு மாதமும் மாறுகிறது. அதை அவர் எங்களுக்குச் சொல்லவில்லை, தனக்கும் சொல்லிக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன்." அதற்குக் கீழே கடைசி வசனம் எனக்குப் பிடிபடவில்லை. தனித்தனியாக எல்லாச் சொல்லும் விளங்கியது, சேர்த்துப் பார்த்தால் ஏதோ நீ கடையில் எதையோ வாங்குகிற மாதிரி இருந்தது. ஒன்பதாம் நாள், இறங்குகிற இடத்தில் பனிக்குள் நின்றுகொண்டு நாலு மாதத்துக்குப் பிறகு உனக்குக் கோல் எடுத்தேன். சுகம் கேட்கவில்லை. "தம்பி, 'இன் கௌஃப் நேமன்' எண்டால் என்ன?" என்று மட்டும் கேட்டேன்.

அதைக் கேட்ட உடனே எந்தத் தாளை நான் வாசிக்கிறேன் என்று உனக்கு விளங்கிவிட்டது. "அது அம்மா, நட்டம் வரும் எண்டு தெரிஞ்சும் ஒரு காரியத்தைச் செய்யிறது" என்றாய். அப்போது முழு வசனமும் எனக்கு வந்தது. இதனால் அம்மா என்னோடு பேசாமல் போகலாம், அது தெரிந்துதான் அனுப்புகிறேன். நான் அந்தத் தரிப்பிடத்துக் கதிரையில் இருந்து அழுதேன். "உனக்கு அந்த நட்டம் வரேல்லை" என்றேன். "நாலு மாசம் வந்ததுதானே அம்மா" என்றாய். அதிலும் நீ ஒன்றைக் குறைத்துச் சொல்லவில்லை.

நீ கட்டப்போகிற ஷாலினியை முதல்முதலாக வீட்டுக்குக் கூட்டி வந்தாயே, அன்றைக்கு நீயும் அப்பாவும் பியர் வாங்கப் போன நேரம் அவளிடம் எல்லாவற்றையும் நானே சொன்னேன். இந்த வீட்டுக்கு வருகிற பிள்ளை, டிரெஸ்டனில் ஆராய்ச்சி செய்கிறவள், நாளைக்கு வேறு ஆர் வாயாலும் கேட்கக்கூடாது என்று நினைத்தேன். உன் வாயால் ஏற்கெனவே கேட்டிருப்பாள் என்றும் ஒரு சந்தேகம் இருந்தது. அவள் கண்ணை விரித்துக்கொண்டு கேட்டாள். "அவர் ஒண்ணுமே சொல்லல ஆன்ட்டி. நீங்க ஏன் போன்ல பேசறதில்லன்னு ஒருவாட்டி கேட்டேன். அம்மா கோவமா இருக்காங்க, கோவப்பட அவங்களுக்கு ரைட் இருக்குன்னு மட்டும் சொன்னார்" என்றாள் தன் திருச்சித் தமிழில். எனக்கு நெஞ்சு நிறைந்து போனது. சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு சொல்லும் குறைக்காதவன், சொல்லத் தேவையில்லாத இடத்தில் ஒரு சொல்லும் விடவில்லை. எங்கள் ஆட்களிடம் இரண்டும் சேர்ந்து இருப்பது அபூர்வம். நான் உன்னைப் பெற்றேன் என்பதில் எனக்குப் பெருமை, உன்னை அப்படி வளர்த்தேன் என்று பாதிப் பெருமை, மிச்சப் பாதி நீயாக வளர்ந்தது.

உன்னோடு வேலை செய்கிற கோயம்புத்தூர்ப் பொடியன் மாதம் ஐம்பது யூரோ என்று வைத்து விளையாடுகிறான், கட்டுப்பாடான பிள்ளை என்று சொன்னாய். இருக்கலாம். எத்தனையோ பேர் ஒரு படத்துக்குப் போகிற மாதிரி விளையாடிவிட்டு எழும்பிப் போகிறார்கள், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவனிடம் கேள், அந்த ஐம்பது அவனைத் தவிர வேறு ஆருக்குத் தெரியும்? என் நாற்பது எனக்கு மட்டும்தான் தெரியும், அதனால்தான் அது ஒரே கிழமையில் நூற்றைம்பதானது, ஆரும் ஏன் என்று கேட்கவில்லை. வென்ற காசும் அவன் காசுதான் என்று சொல்லு, அது வங்கிக்குத் திரும்பி வந்தால்தான் வென்றது. ஒரு மாதம் விளையாடாமல் விட்டால் அந்த மாதத்துக் காசு போய்விட்டது, அதை அடுத்த மாதத்துக்கு எடுத்துக்கொண்டு போகக்கூடாது. தவக்காலத்தில் நான் விட்டது விளையாட்டை, ஆசையை அல்ல, அதை நாற்பது நாள் வட்டி போட்டு வளர்த்திருக்கிறேன். எல்லையைக் கூட்ட வேண்டும்போல இருந்தால் அந்த ஏழு நாளுக்குள் ஒரு மனிதரிடம் வாய் திறந்து சொல்லட்டும். சொல்ல வெட்கமாக இருந்தால் அவன் அதைக் கூட்டக்கூடாது, அவ்வளவுதான். நீயும் ஷாலினியும்கூட எந்தக் காசானாலும் இப்படியே நடந்துகொள்ளுங்கள். ஒருவருக்கு மட்டும் தெரிந்த அளவு ஒரு வீட்டில் இருக்கக்கூடாது.

கலியாண மண்டபத்துக்கான காசை மாசியில் நீ என் கணக்கில் போட்டாய். என்னைச் சோதித்துப் பார்க்கிறாயா என்று நான் சீறினேன். "கலியாணச் செலவை எங்கட வீட்டில நீங்கள்தானே பார்க்கிறது" என்றாய். நான் எடுத்ததை இன்னும் முழுதாக அடைக்கவில்லை, வெள்ளிக்கிழமை மீன் காசை மாதாமாதம் அதற்குப் போடுகிறேன், அப்பாவுக்கும் அந்தக் கணக்குத் தெரியும். மண்டபத்துக்குக் கட்டியாயிற்று, சாப்பாட்டுக்காரனுக்கும் கட்டியாயிற்று, பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வாசித்து நானே பன்னிரண்டாம் கோப்பில் போட்டிருக்கிறேன். அதற்கு நீ வந்து நிற்க வேண்டி இருக்கவில்லை.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். நான் திருந்திவிட்டேனா என்று கேட்டால், ட்ராமில் அந்த மீன் விளம்பரம் வந்தால் இப்போதும் என் பெருவிரல் அசைகிறது. இருப்பதை இருப்பது மாதிரிச் சொல்கிறேன். இந்த முறை தடையை எடுக்கச் சொல்லி நான் கேட்டால், நீ ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதித் தருவாய், மழை பெய்தாலும் கொண்டுபோய்ப் போடுவாய். அது எனக்குத் தெரிந்திருப்பதே எனக்குப் போதும். நீ அனுப்பிய படிவத்தை நான் எங்கே வைத்தேன் என்று தேடாதே. இந்தக் கடைசித் தாளைத் திருப்பிப் பார், அதன் முதுகில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். பெயர், பிறந்த தேதி, விலாசம், காரணம் எழுதுகிற பெட்டி, எல்லாவற்றையும் ஆரையும் கேட்காமல் ஜெர்மனில் நானே நிரப்பினேன், எனக்கு அது ஏலும் என்று நீ பார்ப்பதற்காக. காரணப் பெட்டியில் "என் மகன் சொன்னது உண்மை" என்று எழுதியிருக்கிறேன். பிழை இருந்தால் திருத்தாதே. கையெழுத்து வைக்கிற பெட்டியை மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறேன், அது அப்படியே இருக்கட்டும், தடையும் இருக்கட்டும். துளையிட்டு, தேதி போட்டு, உன் ஓர்ட்னரில் வை.

அம்மா